கூடை வைத்த 26 அங்குல லேடீஸ் சைக்கிள்: வன்னிப் பள்ளிக்கூடப் பாதைக்குத் தாங்குமா?

காலை ஏழு மணிக்கு மல்லாவியிலோ ஒட்டுசுட்டானிலோ தருமபுரத்திலோ வீதியோரம் நின்று பார்த்தால், வெள்ளைச் சீருடையோடு போகிற சைக்கிள்களில் அதிகம் கண்ணில் படுவது ஒரே சாதிதான். இறங்கி வளைந்த பார், முன்னால் கூடை, பின்னால் கரியர், கியர் கிடையாது, சில்லு 26 × 1 3/8. பெற்றோர் சீட்டுக்காசு எடுத்து வாங்குவதும் இதுதான்; வெளிநாட்டில் இருக்கிற ஊர்ச் சங்கங்கள் காசு அனுப்பி மேடை போட்டுக் கொடுப்பதும் பெரும்பாலும் இதுதான். ஸ்டிக்கர் மாறும், உள்ளே இருக்கிற உருப்படி பெரிதாக மாறாது. ஆகவே இங்கே எந்தக் கம்பனியின் பெயரும் வராது. அந்தச் சாதி வண்டியைத்தான் பார்க்கிறோம்.

முடிவை முதலே சொல்லிவிடலாம். இரண்டு கிலோமீற்றருக்கு மேல், ஏழெட்டுக் கிலோமீற்றருக்குள் இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு வன்னியில் இதைவிடப் பொருத்தமான வண்டி கடையில் இல்லை. ஆனால் கடையில் இருந்து உருட்டி வந்த கோலத்திலேயே பிள்ளையின் கையில் கொடுத்தால் மூன்று மாதத்தில் அது வீட்டுக் கோடிக்குள் சாத்திக் கிடக்கும். ஒரு பின்னேரம் முழுக்க அதற்கு வேலை இருக்கிறது. (இரண்டு கிலோமீற்றருக்குள் என்றால் நடக்க விடுங்கள். அரை மணித்தியாலம் போதும், காற்றும் போகாது.)

கியர் வண்டி ஏன் வேண்டாம்

"லேடீஸ் சைக்கிளில ஏற மாட்டன்" என்று பெடியள் அடம்பிடிப்பது வழமை. அவர்கள் கேட்பது முன் ஃபோர்க்கில் ஸ்பிரிங் வைத்த, 18 அல்லது 21 கியர் உள்ள மவுண்டன் சைக்கிள். மலிவு விலையில் கிடைக்கிற அந்த ஸ்பிரிங் உண்மையில் பாரத்தைத்தான் கூட்டுகிறது. எழும்பி மிதிக்கும்போது மிதிக்கிற பலத்தில் ஒரு பங்கை அது விழுங்கும். ஒரு மாரி கடந்ததும் துருப்பிடித்து இறுகும், இல்லாவிட்டால் புஷ் தேய்ந்து ஆடத் தொடங்கும். கியர் மாற்றுகிற பின் கையைப் பிடித்திருக்கிற இரும்புக் காது, வண்டி வலப்பக்கம் ஒரு தரம் விழுந்தாலே உள்ளே வளையும். அது தெரியாமல் பெரிய பல்லுக்கு மாற்றினால் கை கம்பிக்குள் போய்ச் சில்லையே பிய்த்துவிடும். அந்தக் காது வண்டிக்கு வண்டி வேறு. சந்திக் கடையில் அதற்கு மாற்று எதிர்பார்க்க முடியாது.

வன்னியில் ஏற்றம் என்று சொல்லக் கிடைப்பது குளக்கட்டும் பாலத்தின் இரண்டு பக்கமும்தான். அதற்கு 21 கியர் தேவையில்லை. இங்கே மெய்யான ஏற்றம் காற்று. சோளகம் (தென்மேற்குக் காற்று) வீசுகிற மாதங்களில் பரந்தன்–பூநகரி வீதி போன்ற வெட்டையில் எதிர்க்காற்றுக்கு மிதிப்பது மலை ஏறுவதற்குச் சமன். அதற்கு மலிவான வழி ஒன்று உண்டு. முன்னால் 44 பல்லும் பின்னால் 18 பல்லும் உள்ள வண்டி பெடல் ஒரு சுற்றுக்கு 5.1 மீற்றர் அளவில் ஓடும். பின் பிறீவீலை (பின்சில்லில் செயின் ஓடுகிற பல்லுச் சக்கரம்) கழற்றி 20 பல்லுப் போட்டால் ஒரு சுற்றுக்கு 4.6 மீற்றர். நிமிடத்துக்கு 60 தரம் மிதித்தால் மணிக்கு 16 கிலோமீற்றருக்குச் சற்று மேல் கிடைக்கும். பள்ளிக்கூடம் போக அது தாராளம். பத்து, பதினொரு வயதுப் பிள்ளைக்கு இந்த மாற்றம் உடனே தெரியும். பின்சில்லைக் காடியில் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினால் பழைய செயினே பெரும்பாலும் காணும். காணாவிட்டால் ஒரு கண்ணி சேர்க்க வேண்டும்.

மவுண்டன் வண்டியில் மெச்ச வேண்டியது அதன் அகல ரயர். முல்லைத்தீவுக் கரையோர மணலிலும், உழவு இயந்திரம் உழக்கின கிரவல் பாதையிலும் லேடீஸ் சைக்கிளின் 37 மில்லிமீற்றர் ரயர் புதையும், இழுபடும். 50 மில்லிமீற்றர் ரயர் மிதந்து போகும். முழுப் பாதையும் மணல் என்றால் மட்டும் அந்த வண்டியை எடுக்கலாம். அப்போதும் ஸ்பிரிங் இல்லாத ஃபோர்க்காகப் பார்த்து, மட்காட் பூட்டி எடுங்கள். மட்காட் இல்லாமல் மழைநாளில் வெள்ளைச் சட்டையின் முதுகு என்ன நிறமாகும் என்று தோய்க்கிறவர்களைக் கேட்டால் தெரியும்.

அளவுதான் முதல் பிழை

வாங்குபவர்கள் செய்கிற பெரிய பிழை "வளர்ற பிள்ளைதானே" என்று பெரிதாக எடுப்பது. சீற்றை அடிமட்டத்துக்கு இறக்கிப் பிள்ளையை இருத்துங்கள். இரண்டு பாதத்தின் முன்பகுதியும் நிலத்தில் பதிய வேண்டும். புதிதாகப் பழகுகிற பிள்ளைக்கு முழுப் பாதமும் பதிய வேண்டும். ஒரு பக்கம் சரிந்து பெருவிரலால் எட்டிப் பிடிக்கிற பிள்ளை, மாடு குறுக்கே வந்தால் நிற்க வழியில்லாமல் விழும். எட்டாவிட்டால் 24 அங்குலச் சில்லு வண்டிதான் சரி. இரண்டு வருடத்தில் தம்பிக்கோ தங்கச்சிக்கோ கைமாறும், வீண்போகாது.

நன்றாக ஓடத் தெரிந்த பிறகு சீற்றை உயர்த்த வேண்டும். குதிக்காலைப் பெடலில் வைத்து, பெடல் அடியில் நிற்கும்போது கால் நேராக இருந்தால் அதுதான் உயரம். தாழ்ந்த சீற்றில் ஐந்து கிலோமீற்றர் மிதித்தால் முழங்கால் நோகும். "சைக்கிள் வேண்டாம்" என்ற பேச்சு பாதி அங்கேதான் தொடங்குகிறது. சீற் குழாயிலும் ஹாண்டில் குழாயிலும் ஒரு கோடு வெட்டியிருக்கும். அந்தக் கோடு வெளியே தெரியக்கூடாது. தெரிந்தால் குழாய் உள்ளே பிடிக்கிற நீளம் போதாது, ஒரு குழியில் விழ முறியலாம்.

பிரேக் பிடி சின்னக் கைக்கு எட்டுகிறதா என்றும் பாருங்கள். பிடியின் அடியில் சின்ன இஸ்குறுப்பு இருந்தால் அதை முறுக்கிப் பிடியைக் கிட்டக் கொண்டுவரலாம். முழுப் பலத்தோடு பிடித்தாலும் பிடிக்கும் ஹாண்டிலுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி மிஞ்ச வேண்டும்.

ரயர், ரியூப், நெருஞ்சி

ரயர் வாங்கும்போது "26 சைஸ்" என்று கேட்டு வாங்கி வந்து ஏமாறுகிறவர்கள் உண்டு. 26 × 1 3/8 ரயரின் விளிம்பு விட்டம் 590 மில்லிமீற்றர். மவுண்டன் வண்டியின் 26 × 1.95 ரயருக்கு 559. ஒன்றின் றிம்மில் மற்றது ஏறாது. அப்பாவின் பழைய பெரிய சைக்கிளின் 28 × 1 1/2 ரயர் 635. அது வேறு உலகம். ரயரின் பக்கத்தில் 37-590 என்று அச்சிட்டிருக்கும். அந்த இலக்கத்தைச் சொல்லிக் கேளுங்கள்.

புது வண்டியோடு வருகிற ரயர் மெல்லியது. மாரி முடிந்து நெருஞ்சி காய்ந்து கிடக்கிற மாதங்களில் கிழமைக்கு இரண்டு தரம் காற்றுப் போகும். உடைமுள் குத்தினால் ஒரே குத்தில் ரியூபின் மறுபக்கமும் ஓட்டை. நல்ல கனமான ரயர் போடுவது ஒரு வழி. அது இப்போது முடியாவிட்டால் பழைய ரியூப் ஒன்றை நீளத்துக்குக் கிழித்து, வால்வுப் பகுதியை வெட்டி எறிந்துவிட்டு, ரயருக்கும் புது ரியூபுக்கும் நடுவே சுற்றி விரியுங்கள். வண்டி கொஞ்சம் பாரமாகும், நெருஞ்சி உள்ளே வராது. சிலர் பழைய ரயரையே வெட்டி உள்ளே வைக்கிறார்கள். அதன் வெட்டு விளிம்பு ரியூபை அராவி அராவி, முள்ளே இல்லாமல் ஓட்டை போடும்.

காற்று எவ்வளவு? பையோடு சேர்த்து 45 கிலோவுக்குள் இருக்கிற பிள்ளைக்கு முன்னால் 40, பின்னால் 50 பி.எஸ்.ஐ. அளவு நல்லது. மானி இல்லாவிட்டால் பெருவிரலால் அழுத்திப் பாருங்கள். மட்டுமட்டாக அமர வேண்டும். காற்றுக் குறைந்து ஓடினால் குழி விளிம்பில் ரியூப் றிம்மோடு நசுங்கி, பாம்பு கடித்ததுபோல் அருகருகே இரண்டு ஓட்டை விழும். அப்படி இரட்டை ஓட்டையைக் கண்டால் முள்ளைத் தேட வேண்டாம், பம்மைத் தேடுங்கள்.

வால்வில் இருக்கிற சின்ன இறப்பர்க் குழாயையும் மறக்கக்கூடாது. வெயிலில் காய்ந்து வெடித்தால் இரவோடிரவாகக் காற்று இறங்கும், ரியூபைத் தண்ணீருக்குள் பிடித்தால் வால்வைத் தவிர வேறெங்கும் குமிழி வராது. ஐந்து சதமீற்றர் வால்வு ரியூப் வாங்கிக் கூடையின் அடியில் சுற்றி வைத்தால் ஒரு வருடத்துக்குக் காணும்.

ஒட்டுப் போடுவது பத்து வயதுக்கு மேல் எந்தப் பிள்ளையும் பழகக்கூடிய வேலை. பிழைப்பது இரண்டு இடத்தில். சொலூசன் பூசின உடனே ஒட்டை அழுத்துவார்கள். மினுக்கம் போய்க் காயும்வரை ஐந்து நிமிடம் பொறுக்க வேண்டும். மற்றது, ரியூபை ஒட்டிவிட்டு ரயருக்குள் இருக்கிற முள்ளை எடுக்காமல் பூட்டுவது. ரயரின் உட்புறத்தைத் துணியால் ஒரு சுற்றுத் தடவினால் முள் இருக்கிற இடத்தில் துணி பிடிபடும்.

மழையில் பிரேக்

இந்த வண்டியின் பெரிய பலவீனம் முன் பிரேக். மினுங்குகிற குறோம் பூசிய இரும்பு றிம்மில் தண்ணீர் பட்டால் கட்டை வழுக்கும். நிற்கிற தூரம் பல மடங்காகும். ஐப்பசி தொடங்கித் தை வரை இதுதான் நிலைமை. கடையில் அலுமினிய றிம் போட்ட வண்டி இருந்தால் கூடக் காசு கொடுத்து அதை எடுங்கள். இல்லாவிட்டால் பின்சில்லின் நடுவில் டப்பா மாதிரி இருக்கிற பட்டைப் பிரேக் உள்ள வண்டியைத் தேர்ந்தெடுங்கள். றிம் நனைந்தாலும் வளைந்தாலும் அதற்குக் கவலையில்லை. கிறீச்சிடும், அவ்வளவுதான். அந்தச் சத்தத்துக்காக அதற்குள் ஒயில் விடுகிற கெட்டித்தனம் சில வீடுகளில் நடக்கிறது. ஒயில் விட்ட பட்டைப் பிரேக் இல்லாத பிரேக்.

எந்தப் பிரேக் என்றாலும் மழையில் இறக்கத்துக்கும் சந்திக்கும் முன்பே மெதுவாகப் பிடித்துத் தண்ணீரைத் துடைத்துவிட்டுப் பிறகு இறுக்கப் பிடிக்கப் பழக்குங்கள். பிரேக் கட்டை றிம்மில் மட்டும் பட வேண்டும். ஒரு மில்லிமீற்றர் மேலே ஏறி ரயரை உரசினால் சில நாளில் பக்கம் கிழியும்.

முதல் மாதம் கழருகிறவை

வண்டி பெட்டியில் பாதி பூட்டின நிலையில் வரும், மீதியைக் கடைப் பையன் அவசரத்தில் பூட்டுவான். கிரவல் வீதியின் அலை அலையான மேட்டில் எது இறுகவில்லையோ அது கழரும். 10, 15 ஸ்பனர், கிராங் (பெடல் பூட்டுகிற கை) நட்டுக்கு 14 குழாய் ஸ்பனர், மூன்றும் வீட்டில் இருந்தால் பெரும்பாலும் போதும். முதல் கிழமையும் முதல் மாதமும் இவற்றைப் பாருங்கள்: கிராங் நட், பெடல், இரண்டு சில்லு நட்டுகள், ஹாண்டில், கூடைப் பிடி, கரியர்க் கால்.

இதில் கிராங்தான் வஞ்சகம். நட் அரைச் சுற்று இளகியபடி இரண்டு நாள் ஓடினால் சதுரத் துளை உருண்டு போகும், பிறகு எவ்வளவு இறுக்கினாலும் நிற்காது, கிராங்கையே மாற்ற வேண்டும். இடது பெடலின் மரை எதிர்ப்பக்கம் என்பதையும் சொல்லி வையுங்கள். வழமைபோல இறுக்குவதாக நினைத்துக் கழற்றி, பிறகு கோணலாகப் பூட்டி மரையை அழித்த இடது கிராங்குகள் கிராமத்துக்குப் பத்து இருக்கும். கூடைக்கும் கரியருக்கும் ஸ்பிரிங் வாசர் போட்டு, மேலால் இன்னொரு நட்டையும் பூட்டினால் தொல்லை தீர்ந்தது.

செயின் நடுவில் விரலால் தூக்கினால் ஒன்றரைச் சதமீற்றர் வரை ஆட வேண்டும். செம்புழுதிக்குள் ஒயில் கூடினாலும் கேடு. தூசியும் ஒயிலும் சேர்ந்து அரைக்கிற கூழாகும். துடைத்து, கண்ணிக்கு ஒரு துளி விட்டு, மிச்சத்தைத் துணியால் எடுத்துவிடுங்கள். வெள்ளத்துக்குள் இறங்கின வண்டிக்கு வெளிப்பூச்சு ஒயில் போதாது. சில்லுக் குடத்தையும் பெடல் அச்சையும் திறந்து போல்ஸ் கழுவிப் புதுக் கிறீஸ் வைக்காவிட்டால் அடுத்த வெயிலுக்குள் கரகரக்கும். களிமண் பாதைக்காரர் ஒரு சின்னத் தடியைக் கூடையில் வைத்திருக்கட்டும். மட்காட்டுக்குள் களி அடைத்துச் சில்லு நின்றால் அதுதான் கருவி.

பை, பின்னால் ஏறுகிறவர், குடை

புத்தகப் பையை ஹாண்டிலில் தொங்கவிட்டால் திரும்பும்போது அது ஆடி முன்சில்லைத் திருப்பும். முழுப் பையையும் கூடையில் போட்டாலும் முன்பக்கம் பாரம். தண்ணீர்ப் போத்தலும் சாப்பாடும் கூடையில், பை பின் கரியரில் பழைய ரியூப் பட்டியால் இறுக்கிக் கட்டி: இதுதான் சரி. கரியரில் பாரம் பெரும்பாலும் அச்சிட்டிருக்கும், 25 கிலோ என்றால் 25 கிலோதான்.

ஆனாலும் தங்கச்சி பின்னால் ஏறத்தான் போகிறாள். அதைத் தடுக்க முடியாத வீட்டில், கால் வைக்க அச்சில் குமிழ் பூட்டி, பின்சில்லின் இரண்டு பக்கமும் வலை போடுங்கள். சில்லுக்குள் குதிக்கால் போவது வெறும் உரசலோடு நிற்பதில்லை. தோல் உரிந்து எலும்பு தெரியும். சீருடைப் பாவாடைக்கும் அந்த வலையே காவல். செயின் கவரைச் சத்தம் போடுகிறதென்று கழற்றி எறிய வேண்டாம், வளைத்து நிமிர்த்தலாம்.

குடை பிடித்துக்கொண்டு ஒற்றைக் கையால் ஓடுவதற்கு இந்த வண்டியில் இடமில்லை, எந்த வண்டியிலும் இல்லை. மழைக்கோட்டு, பைக்குள் ஒரு பெரிய பொலித்தீன்.

வெளிச்சமும் வீதியும்

பள்ளிக்கூடம் ஏழரைக்கு என்றாலும், ரியூசன் விடியவும் பொழுதுபட்ட பிறகும் இருக்கிறது. வண்டியோடு வருகிற, பின்னால் ஒளிதெறிக்கும் சிவப்பு வில்லை ஒரு பூப்போல அழகாக இருக்கும், தூரத்துக்குத் தெரியாது. ஒளிதெறிக்கும் நாடா வாங்கிப் பின் மட்காட்டில் ஒரு சாண், ஃபோர்க்கின் இரண்டு காலிலும், பெடல் விளிம்பிலும் ஒட்டுங்கள். பெடல் ஏறி இறங்கும்போது நாடா மின்னுவது மண் ஏற்றுகிற ரிப்பர் லொறி ஓட்டுகிறவருக்கு "இது சைக்கிள்" என்று உடனே சொல்லும். ரயரில் உரசுகிற டைனமோ மழையில் வழுக்கி அணைந்து போகும். சார்ஜ் பண்ணுகிற சின்ன எல்.ஈ.டி. முன்னுக்கும் பின்னுக்கும் இருப்பதே மேல்.

வண்டி எவ்வளவு நல்லதென்றாலும் ஏ-9 வீதியின் தார் விளிம்பு அதை விழுத்தும். தாருக்கும் மண்ணுக்கும் நடுவே ஒரு படி மாதிரிப் பள்ளம் இருக்கும். பஸ்ஸுக்கு ஒதுங்கி மண்ணில் இறங்கின பிள்ளை, ஓடியபடியே சரிவாகத் தாரில் ஏறப் பார்த்தால் முன்சில்லு விளிம்பில் தேய்ந்து வண்டி வீதியின் நடுவுக்குச் சாயும். இறங்கினால் நின்று, தூக்கி வைத்து ஏற வேண்டும். விளிம்பில் இருந்து ஒரு முழம் உள்ளே, ஒருவர் பின் ஒருவராக, இடது பக்கம். வலது பக்கம் திரும்ப வேண்டிய சந்தியில் இடது ஓரமாக நின்று, இரண்டு பக்கமும் பார்த்து, உருட்டிக்கொண்டு கடப்பதே பாதுகாப்பு. ஓமந்தை, புளியங்குளம், மாங்குளம் பக்கங்களில் ரயில் பாதையும் ஏ-9 வீதியும் அருகருகே ஓடுவதால் இரண்டையும் அடுத்தடுத்துக் கடக்க வேண்டிய இடங்கள் உண்டு. தண்டவாளத்தைச் சரிவாகக் கடந்தால் ரயர் இடைவெளிக்குள் இறங்கும். நேர்குத்தாக, அல்லது இறங்கி உருட்டி.

குளம் வான் பாய்ந்து வீதிக்கு மேலால் தண்ணீர் ஓடுகிறபோது கணுக்காலுக்கு மேல் என்றால் திரும்பி வீட்டுக்கு. நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் போன்ற யானை நடமாடுகிற பக்கங்களில் விடியுமுன் தனியே அனுப்பக்கூடாது. சைக்கிளுக்குச் சத்தமில்லை, கிட்டப் போகும்வரை இரண்டு பேருக்கும் தெரியாது. கிட்டப்பாதை என்று பற்றைக்குள் இறங்குவதும் வேண்டாம். மண்டையோட்டுக் குறி போட்ட சிவப்புப் பலகை நிற்கிற காணிகள் இன்னும் இருக்கின்றன.

பள்ளிக்கூடத்திடமும் கொடுப்பவரிடமும்

சைக்கிளை வெயிலில் விழுத்திப் போடுகிற பள்ளிக்கூடத்தில் எந்த வண்டியும் நிலைக்காது. வேம்பு நிழலில் இடுப்புக்குச் சற்றுக் கீழான உயரத்தில் ஒரு கல்வனைஸ் குழாய் கட்டினால், வண்டியைச் சாத்திப் பூட்டலாம். முன்சில்லை மட்டும் செருகுகிற கம்பி இடுக்கு றிம்மை வளைக்கும். வண்டிக்கு 60 சதமீற்றர் வைத்தால் நாற்பது வண்டிக்கு 24 மீற்றர். இரண்டு பக்கமும் சாத்தினால் 12. ஒரு நிலப் பம், ஒட்டுப் பெட்டி, மூன்று ஸ்பனர், ஒரு தண்ணீர்ச் சட்டி. பாடசாலை அபிவிருத்திச் சங்கத்துக்கு இது பெரிய செலவில்லை. வீட்டுக்குப் போகும்போது ஒரே பக்கத்துப் பிள்ளைகளைச் சேர்த்து, மூத்தவர் ஒருவர் கடைசியில் வரும்படி அனுப்பினால் வழியில் காற்றுப் போன வண்டி தனியே நிற்காது.

சிசு செரிய (மாணவருக்கான) பஸ்ஸோ இ.போ.ச. (இலங்கைப் போக்குவரத்துச் சபை) பஸ்ஸோ ஓடுகிற ஊர்களிலும் உள்வீதிப் பிள்ளை சந்தி வரை சைக்கிளில்தான் வரவேண்டும். சந்தியில் பூட்டி வைக்க இடம் இருக்கிறதா என்று அதிபர்மார் ஒரு தரம் போய்ப் பார்க்கலாம்.

காசு கொடுக்கிற சங்கங்களுக்கு: ஐம்பது வண்டியும் 26 ஆக எடுக்காதீர்கள். பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் பிள்ளையின் உயரத்தையும் கேட்டு எழுதினால் எத்தனை 24 தேவை என்று தெரியும். கையளிப்பதற்கு முதல் நாள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் ஒருவரைக் கூலிக்குப் பிடித்து ஒவ்வொரு கிராங்கையும் இறுக்கச் சொல்லுங்கள். ஒரு மாதம் கழித்து அவரையே இன்னொரு நாள் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புங்கள். பனருக்குப் போகிற காசில் இரண்டு நாள் கூலியும் ஒரு பம்மும் வரும்.